ஞாயிற்றுக்கிழமை நதி

இந்த நதிக்குப் பதினொரு திருகாணிகள்.
மண் கசியும் வேகம், படுகையின் சொரசொரப்பு,
நிலத்தடி நீர் வந்து சேர எடுக்கும் தாமதம்,
தார் மூடிய நிலம் எத்தனை சதவீதம்.
ஒன்றைத் திருகு, மற்ற பத்தையும் தொடாதே,
திரையில் கோடு எவ்வளவு அசைகிறது, பார்.
அசைந்தால் உணர்திறன் உண்டு என்று எழுது.
அசையாவிட்டால் அடுத்தது.

கெங்கேரியில் மூன்றாம் மாடி.
இரண்டாம் எண்ணுக்கு மேல் ஓடாத மின்விசிறி.
இரவு முழுக்க என் கணினி
விருஷபாவதியை ஓட்டிக்கொண்டிருந்தது,
பன்னிரண்டாயிரம் விருஷபாவதிகள்,
ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம்.
காலையில் பார்த்தால்
ஆகஸ்டு, செப்டம்பர் எல்லாம் சொன்ன பேச்சு கேட்கின்றன.
மார்ச் மட்டும்
எந்தத் திருகாணிக்கும் மசியவில்லை.

மண்ணைப் பத்து மடங்கு கசியவிட்டேன்.
பாறையாக்கினேன்.
மழை பெய்து மூன்று மாதமாகிறது;
நதியோ
மாதச் சம்பளக்காரன் மாதிரி
தினமும் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது.

உணர்திறன் பூஜ்யம்,
பூஜ்யம்,
பூஜ்யம் என்று அட்டவணையை நிரப்பினேன்.
மண்ணைப் பற்றி எழுதுகிறேனா, என்னைப் பற்றியா
என்று ஒரு கணம் சந்தேகம்.

பாலத்தடியில் அளவுகோல் படிப்பவர் சிக்கமாதையா.
மூக்கின் குறுக்கே கைக்குட்டை, காதில் பென்சில்.
இதுவரை அவரிடம் நான் வாங்கியது
நாளுக்கு ஒரு எண், சராசரி.
அன்று நோட்டையே கேட்டேன்.
யாரும் சொல்லாமலே
மணிக்கு மணி குறித்து வைத்திருந்தார்.

ஒன்பதரைக்கு நாலு விரல் ஏறுகிறது.
மதியத்துக்குள் வடிந்துவிடுகிறது.
மறுநாளும் ஒன்பதரை. அதற்கு மறுநாளும்.
"இதென்ன, கடல் மாதிரி?"
எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன்.
"ஸ்நானா, மேடம்."
ஏழரைக்குக் குளிக்கிறார்கள்,
குழாயில் இறங்கி இங்கே வர இரண்டு மணி நேரம்.
எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி
ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினார்:
பதினொன்றரை.
யுகாதியன்று அவர் ஆறரைக்கு வந்தபோதே
ஏறி நின்றிருக்கிறது.
பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரு சொல்:
எண்ணெய்.

பன்னிரண்டாவது திருகாணி ஒன்று செய்தேன்.
நூறு கிலோமீட்டர் தள்ளி
மேட்டுக்கு மேடு பம்பு வைத்து ஏற்றி வரும் காவிரி,
தொட்டி, குழாய், வாளி,
தரை ஓட்டை.
ஒரு சுற்றுத் திருகினேன்.
மார்ச் துள்ளி விழுந்தது.

அடுத்த வாரம் சோதித்ததில் இன்னொன்றும் தெரிந்தது:
சொரசொரப்பைக் கொஞ்சம் கூட்டி
தாமதத்தைக் கொஞ்சம் குறைத்தாலும்
அதே கோடு அச்சாக வருகிறது.
நாற்பத்தாறு வெவ்வேறு பெங்களூர்கள்
ஒரே நதியைத் தருகின்றன.
எதில் குடியிருக்கிறேன் என்று
கோட்டை வைத்துச் சொல்ல முடியாது.

பவானியிலிருந்து அம்மா போனில்:
"கர்நாடகாக்காரன் தண்ணி விட்டானாடி?"
"நான் விட்டேம்மா. காலையில. ரெண்டு வாளி."
"என்னத்த உளர்ற."
அர்க்காவதி, சங்கமம், மேட்டூர் என்று
சொல்லத் தொடங்கினேன்.
சோப்பு நுரையை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.
அம்மா அந்த நீரில்தான்
ஆடிப்பெருக்குக்கு விளக்கு விடுவாள்.

அறிக்கை போயாகிவிட்டது.
பன்னிரண்டாவதற்குப் பெயர் கேட்டார்கள்;
திரும்பும் நீர் என்று கொடுத்தேன்.
சிக்கமாதையாவின் பெயர் நன்றியுரையில்,
எழுத்துப் பிழையோடு.

நேற்று ஞாயிறு.
பத்து வரை எழவில்லை.
சும்மா, ஒரு குறும்புக்கு,
ஊரில் எல்லாரையும் குளிக்கவிட்டு
என் இரண்டு வாளியை மட்டும் கழித்து
ஓட்டிப் பார்த்தேன்.
எட்டாவது தசமத்தில் ஏதோ அசைந்தது.
கணினியின் முழுமையாக்கப் பிழையாகவும் இருக்கலாம்.
இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவில்லை.